இல்லாத வரிக்கு அடுத்த வரி

"தம்பி, டேபிள்னு ஒண்ணு எங்கயோ இருக்கு, அதை எடுத்துக் குடுத்தாப் போதும்னு நெனச்சு எழுதியிருக்க. அப்படி ஒண்ணு கிடையாது."

என் நிரலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு சார் சொன்னது இவ்வளவுதான். டீ கப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சென்னையில், நெட்வொர்க் சாதனங்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு கம்பெனியில் நான் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்கு வந்த வேலை சின்னதுதான். ஸ்விட்ச் பெட்டிக்குள் ஓடும் ஏஜென்டில் புதிதாக ஒரு டேபிள் சேர்க்க வேண்டும். போர்ட்டுகளைக் குழு குழுவாகப் பிரித்துப் பெயர் வைப்பார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் நான்கைந்து விவரம். கல்லூரியில் டேட்டாபேஸ் படித்துவிட்டு வந்தவனுக்கு டேபிள் என்றால் வரியும் பத்தியுமாக டிஸ்க்கில் கிடக்கிற ஒரு பொருள். திறக்கலாம், படிக்கலாம், மூடலாம். சார் சொன்னது புரிய எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

ஏஜென்ட் என்றால் எங்கள் வீட்டில் இன்சூரன்ஸ் ஏஜென்ட்தான். இதன் வேலையும் ஏறக்குறைய அதுதான்: இன்னொருவர் சார்பில் பதில் சொல்வது. ரவுட்டரோ ஸ்விட்சோ பிரின்டரோ, பெட்டிக்குள் ஓர் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கும். எங்கோ ஓர் அறையில் இருக்கும் மேனேஜர் மென்பொருள் யு.டி.பி. 161ஆம் போர்ட்டில் கதவைத் தட்டி, மூன்றாவது இணைப்பு உயிரோடு இருக்கிறதா, எத்தனை பைட் உள்ளே வந்தது என்று கேட்கும். ஏஜென்ட் பதில் சொல்லிவிட்டுக் கேட்டவரை மறந்துவிடும். இந்தப் பேச்சுக்கான விதிகளுக்குப் பெயர் எஸ்.என்.எம்.பி. கேஸ், ஃபெடார், ஷாஃப்ஸ்டால், டேவின் என்ற நால்வர் 1988இல் வெளியிட்டது. 1990 மே மாதம் ஆர்.எஃப்.சி. 1157 என்ற ஆவணமாக நிலைபெற்றது. அன்றைக்கு இதைத் தற்காலிக ஏற்பாடாகத்தான் வைத்தார்கள். ஓ.எஸ்.ஐ. தரப்பின் பெரிய, முறையான நெறிமுறை வந்து சேரும்வரை சமாளிக்க ஏதாவது வேண்டும் என்று. இணையத்தின் பக்கம் அந்தப் பெரியது குடிவரவே இல்லை. தற்காலிகமாகப் போட்ட கொட்டகையில்தான் முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகக் குடித்தனம் நடக்கிறது.

கொட்டகை போட்டவர்களுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பெட்டிக்குள் இருக்கும் ஏஜென்ட் மேல் பாரம் ஏற்றக் கூடாது, சுமை எதுவானாலும் மேனேஜர் சுமக்கட்டும். 484 பைட்டுக்கு மேற்பட்ட செய்தியை வாங்கிக்கொண்டே தீர வேண்டும் என்ற கட்டாயம்கூட யாருக்கும் இல்லை. 484 பைட்டில் எந்த டேபிளை அனுப்புவது? ஆகவே டேபிளை முழுசாகக் கேட்பதற்கு வழியே வைக்கவில்லை. ஒரு வரியை முழுசாகக் கேட்கவும் வழியில்லை. கட்டம் கட்டமாகத்தான் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நீண்ட எண் பெயர் உண்டு, ஓ.ஐ.டி. என்பார்கள். 1.3.6.1.2.1.2.2.1.10.3 என்று ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடைசி மூன்று எண்ணை விட்டுவிட்டால் மீதி இன்டர்ஃபேஸ் டேபிளின் முகவரி. அடுத்த 1, அந்த டேபிளின் ஒரு வரி என்பதன் இலக்கணம். 10 என்பது உள்ளே வந்த பைட்டுகளின் பத்தி. வாலில் இருக்கும் 3, எந்த இணைப்பு என்பது. 1991 மார்ச்சில் வந்த மிப்-2 என்ற வரையறைத் தொகுப்பில் இந்த டேபிளுக்கு 22 பத்திகள். வரையறையைத் திறந்து பார்த்தால் டேபிள் என்ற சொல்லுக்கு நேரே நாட்-ஆக்சஸிபிள் என்று போட்டிருக்கும்: தொட முடியாது. வரி என்பதற்கு நேரேயும் அதே சொல். தொடக்கூடியவை கட்டங்கள் மட்டும். பிற்பாடு இந்த இலக்கணத்தைத் திருத்தியவர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். ஒரு வரியை அடையாளம் காட்டும் சாவிப் பத்தியையும் பொதுவாகத் தொட முடியாததாக ஆக்கிவிட்டார்கள். சாவியின் மதிப்பைத் தனியே கேட்டு வாங்க முடியாது. மற்றக் கட்டங்களுடைய பெயரின் வாலில் அது ஒட்டியிருக்கும். ஒருவருடைய பெயரை அவரிடம் கேட்காமல், அவர் பிள்ளைகளின் இனிஷியலிலிருந்து ஊகித்துக்கொள்வது போல.

சார் டேபிள் கிடையாது என்றது இதைத்தான் என்று முதலில் நினைத்தேன். பாதிதான் சரி.

மீதிப் பாதி 'கெட்நெக்ஸ்ட்' என்ற கேள்வியில் இருக்கிறது. எத்தனை வரி இருக்கிறது என்று மேனேஜருக்குத் தெரியாது. எந்தெந்தப் பெயரில் இருக்கிறது என்றும் தெரியாது. அதனால் அது ஒரு பெயரைச் சொல்லி, இதற்கு அடுத்தது எது என்று கேட்கிறது. பதிலில் வரும் பெயரை எடுத்துக்கொண்டு, இதற்கு அடுத்தது எது என்று மறுபடி கேட்கிறது. டேபிளின் எல்லையைத் தாண்டிய பெயர் வந்தால், சரி, முடிந்தது என்று அதுவே புரிந்துகொள்கிறது. இதற்கு 'வாக்' என்று பெயர், நடை. இதில் நான் இன்றும் வியக்கும் ஒன்று உண்டு. மேனேஜர் சொல்லும் பெயர் உண்மையில் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. தெருவில் 12ஆம் எண் வீட்டை இடித்துப் போட்டிருக்கலாம்; 12க்கு அடுத்த வீடு எது என்று தபால்காரர் கேட்டால் 13ஐக் காட்ட முடியும். 13உம் இல்லையென்றால் 16. நடையின் நடுவே ஒரு வரி அழிந்துபோனாலும் நடப்பவர் தடுக்கி விழமாட்டார். ஏஜென்ட் யாருடைய இடத்தையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை; படித்த பக்கத்தின் அடையாளம் படிப்பவர் கையில்தான்.

ஆக, ஏஜென்டில் டேபிள் எழுதுவது என்றால், 'அடுத்தது எது' என்ற ஒரே கேள்விக்கு எந்த இடத்திலிருந்து கேட்டாலும் பதில் சொல்லக் கற்றுக்கொள்வது. கட்டத்தில் போட வேண்டிய மதிப்பு ஒன்று டிரைவரில் இருக்கும், ஒன்று சிப்பின் ரிஜிஸ்டரில், ஒன்று கான்ஃபிக் கோப்பில். கேள்வி வந்த கணத்தில் ஓடிப்போய்ப் பொறுக்கி வந்து கொடுக்க வேண்டும். பதில் சொல்லி முடித்ததும் அந்த வரி மறுபடி சிதறிப்போகிறது.

கேள்வி இன்னொரு விதத்திலும் விசித்திரமானது. பெயர்களின் ஏறுவரிசையில்தான் நடை போகும். பெயரில் பத்தி எண் முன்னால், வரிச் சாவி பின்னால். அதனால் எளிய நடை வரி வரியாகப் போகாது. முதல் பத்தியை மேலிருந்து கீழ்வரை முடித்துவிட்டு, இரண்டாவது பத்தியின் தலைக்கு வரும். எங்கள் ஆபீஸில் பத்தி என்று யாரும் சொல்வதில்லை, காலம்தான். "ரெண்டாவது காலம் ஆரம்பிச்சிருச்சா?" என்று கேட்பார்கள். மற்ற டேபிள்களில் இது வெறும் சிலேடை. இங்கே முதல் காலம் முடிந்து இரண்டாவது காலம் வருவதற்குள் உண்மையிலேயே காலம் போயிருக்கும். முதல் பத்தியில் ஏழு பெயர் பார்த்த மேனேஜருக்கு இரண்டாவது பத்தியில் ஆறு மதிப்புதான் கிடைக்கும், நடுவில் யாரோ ஒரு கார்டைப் பிடுங்கியிருப்பார்கள். கெட்டிக்கார மேனேஜர் எல்லாப் பத்திகளையும் ஒரே கேள்வியில் சேர்த்துக் கேட்கும்; 1993இல் வந்த இரண்டாம் பதிப்பின் 'கெட்பல்க்' பல அடிகளை ஒன்றாக எடுத்துவைக்கும். இடைவெளி குறையும், மறையாது.

ஏறுவரிசை என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். என் மானம் போனது அங்கேதான்.

ஆங்கிலத்தில் இதை லெக்ஸிகோகிராஃபிக் என்பார்கள், அகராதி வரிசை. அகராதி என்ற சொல்லே அகரத்தை ஆதியாக உடையது என்று வரிசையைத்தான் சொல்கிறது, பொருளைச் சொல்லவில்லை. பழைய நிகண்டுகள் தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருளால் தொகுத்தவை. 1732இல் வீரமாமுனிவரின் சதுரகராதியைக் கையில் வாங்கியவருக்கு ஒரு சொல்லின் இடம் அதன் எழுத்தால் மட்டும் முடிவாகிறது என்பது எவ்வளவு வினோதமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன். எஸ்.என்.எம்.பி. டேபிளின் சாவி ஒரு பெயராக இருந்தால் அதைவிட வினோதம். பெயரின் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாக மாறி வாலில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதற்கு முன்னால், பெயரில் எத்தனை எழுத்து என்ற எண் பொதுவாக வந்து நிற்கும். லினக்ஸ் பெட்டிகளில் எல்லோருக்கும் தெரிந்த ஈத்-0 என்ற பெயர் 4.101.116.104.48 ஆகிறது. முன்னால் நிற்கும் அந்த 4தான் முதலில் ஒப்பிடப்படும். ஆக, சின்னப் பெயர்கள் எல்லாம் முன்னால், பெரிய பெயர்கள் பின்னால். ஒரே நீளமுள்ளவற்றுக்குள்தான் அகரவரிசை. பள்ளிக்கூட பிரேயரில் உயரப்படி நிறுத்துவார்களே, அந்த வரிசை.

எனக்கு அது தெரியாது. குழுப் பெயர்களை சி மொழியின் சரம் ஒப்பிடும் ஃபங்ஷனைக் கொண்டு அகரவரிசையில் அடுக்கி, லிங்க்டு லிஸ்ட்டாகக் கோத்து வைத்திருந்தேன். சோதித்தும் பார்த்தேன். குரூப்1, குரூப்2, குரூப்3 என்று குரூப்9 வரை. ஒன்பதும் ஒரே நீளம். நடை அட்டகாசமாக ஓடியது. நிரலை ஒப்படைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன்.

டெஸ்டிங் பக்கத்தில் என்னோடு சேர்ந்த பெண் ஒருவர் இருந்தார். மனிதர்கள் வைக்கிற மாதிரி பெயர் வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். லேப், அட்மின், பேக்கப் என்று மூன்று குழு போட்டிருக்கிறார். ஆங்கில எழுத்தில் மூன்று, ஐந்து, ஆறு. என் லிஸ்ட்டில் அட்மின் முதலில், பிறகு பேக்கப், கடைசியில் லேப். ஏஜென்ட் 5இல் தொடங்கும் பெயரைக் கொடுத்தது, பிறகு 6, பிறகு 3. மேனேஜர் பக்கத்து நிரல் அங்கேயே நின்றுவிட்டது. ஓ.ஐ.டி. ஏறவில்லை என்று ஒரு பிழைச் செய்தி. பக்கத்திலேயே, நீ முன்னால் சொன்ன பெயர் இது, இப்போது சொல்வது இது என்று இரண்டையும் போட்டு, நடுவில் பெரிது-அல்லது-சமம் குறி. அடுத்தது என்று சொல்லிப் பழையதையே காட்டும் ஏஜென்டிடம் மாட்டினால் ஒரே வட்டத்தில் சுற்ற வேண்டியதுதான் என்பதால் வைத்த காவல் அது.

"பாஸ், உங்க ஏஜென்ட் பின்னாடி நடக்குது" என்றார் அவர். அந்த வாரம் முழுக்க கேன்டீனில் அதே பேச்சு.

ஒப்பிடும் ஃபங்ஷனில் நீளத்தை முதலில் பார்க்கச் சொல்லி இரண்டு வரி சேர்த்தேன். சரியாகிவிட்டது. ஆனால் இதையெல்லாம் கையால் எழுதுவானேன் என்று தோன்றியது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து நிரலில் வேர்கொண்டு, கலிஃபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில் வளர்ந்து, 2000இல் நெட்-எஸ்.என்.எம்.பி. என்று பெயர் மாற்றிக்கொண்ட திறந்த மூலத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதில் மிப்-டு-சி என்ற கருவியிடம் டேபிளின் வரையறையைக் கொடுத்தால் எலும்புக்கூட்டு நிரலை எழுதித் தந்துவிடும். எந்த மாதிரி எலும்புக்கூடு என்று மட்டும் நாம் முடிவு செய்ய வேண்டும். நான் 'இட்டரேட்டர்' மாதிரியை எடுத்தேன். அதன் ஒப்பந்தம் சோம்பேறிக்கு அமிர்தம்: முதல் வரியைக் கொடு, பிறகு அடுத்தடுத்த வரியைக் கொடு, எந்த ஒழுங்கில் வேண்டுமானாலும் கொடு, வரிசையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எப்படிப் பார்த்துக்கொள்கிறது? ஒவ்வொரு 'அடுத்தது எது'வுக்கும் எல்லா வரிகளையும் ஒரு முறை புரட்டி, கேட்ட பெயரைவிடப் பெரியவற்றில் மிகச் சிறியது எது என்று தேடுகிறது. பத்து வரிக்கு இது ஒன்றுமே இல்லை. ஆயிரம் வரி, ஐந்து பத்தி என்றால் ஐயாயிரம் கேள்வி. கேள்விக்கு ஆயிரம் புரட்டல். மொத்தம் 50 லட்சம். ஒவ்வொரு புரட்டலிலும் சிப்பைப் போய்த் தொட்டால் மேனேஜர் காத்திருந்து அலுத்து, மறுபடி கேட்டு, மறுபடி அலுத்து, பெட்டி செத்துவிட்டது என்று சிவப்பு விளக்கு போட்டுவிடும். முழு இணைய ரவுட்டிங் டேபிள் வைத்திருக்கும் ரவுட்டர்களில் இந்தத் தொல்லை பிரசித்தம். ஐ.பி. பதிப்பு 4 வழிகள் மட்டும் ஒன்பது லட்சத்தைத் தாண்டும். பாக்கெட்டை வேகமாக அனுப்புவதற்கென்று ஓர் அமைப்பில் அவற்றை அடுக்கியிருப்பார்கள். எவரோ நடைபோட வந்து எண் வரிசையில் கேட்டால், ஒரு பாவமும் அறியாத சி.பி.யு. உட்கார்ந்து வரிசைப்படுத்த வேண்டும்.

நாங்கள் முப்பது விநாடிக்கு ஒரு தரம் எல்லாவற்றையும் படித்து வரிசையாக அடுக்கிவைக்கும் கேஷுக்கு மாறினோம். நடை பறந்தது. இரண்டு நாள் கழித்து அதே தோழி ஒரு கேபிளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தார். திரையில் அந்த போர்ட் இன்னும் 'அப்'. நான் இருபது விநாடி பேச்சுக்கொடுத்தேன். அவர் திரும்பிப் பார்க்கும்போது 'டவுன்' ஆகியிருந்தது. அவர் நம்பவில்லை, நல்ல டெஸ்டர்.

சாவி எதுவாக இருக்க வேண்டும் என்பதில்தான் டேபிள் எழுதுபவரின் புத்தி தெரியும் என்று நினைக்கிறேன். மிப்-2இன் ரவுட்டிங் டேபிளுக்குச் சேருமிட முகவரி மட்டும் சாவி. ஒரே இடத்துக்கு இரண்டு வழி இருந்தால் இரண்டாவதைப் போட இடமில்லை. அதைச் சரிசெய்ய 1992இல் ஒரு டேபிள், அதன் குறையைச் சரிசெய்ய 1997இல் ஒன்று, பிறகு 2006இல் இன்னொன்று. தொடக்கத்தில் ஒரு சாவியைக் குறைத்து எண்ணியதற்குக் கொடுத்த விலை.

இன்டர்ஃபேஸ் டேபிளின் சாவி வெறும் எண். அதிலும் சிக்கல் உண்டு. பல பெட்டிகளில் ரீபூட் செய்தாலோ புதிதாக ஒரு கார்டு செருகினாலோ எண்கள் நகர்ந்துவிடும். 7 என்று இருந்தது 9 ஆகும். சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் வாசலில் எழுதி வைத்திருக்கிறோம். பெட்டிக்குள் அப்படிப் பலகை கிடையாது. மேனேஜர் 7ஐயே கேட்டுக்கொண்டிருக்கும், வேறொரு போர்ட்டின் போக்குவரத்தைப் பழைய போர்ட்டின் வரைபடத்தில் வரைந்துகொண்டிருக்கும். பிற்பாடு வந்த நீட்டிப்பில் ஒவ்வோர் இணைப்புக்கும் நிலையான பெயர், நிர்வாகி சூட்டும் அடைமொழி என்று தனிப் பத்திகள் வந்தது இதற்காகத்தான்.

அதே டேபிளின் பத்தாவது பத்தி, உள்ளே வந்த பைட்டுகள், 32 பிட் எண். 429 கோடி சொச்சம் வந்ததும் மறுபடி பூஜ்யம். 10 மெகாபிட் ஈதர்நெட்டில் அதற்கு 57 நிமிடம் ஆகும். 1991இல் யாரும் கவலைப்படவில்லை. 100 மெகாபிட்டில் 5.7 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்டு வரைபடம் போடும் எம்.ஆர்.டி.ஜி. போன்ற கருவிகள் நூலிழையில் தப்பின. ஒரு கிகாபிட்டில் 34 விநாடி. ஐந்து நிமிட இடைவெளியில் எட்டு முறை சுற்றி வந்திருந்தாலும் இரண்டு எண்களைக் கழித்துப் பார்ப்பவருக்கு அது தெரியப்போவதில்லை. 64 பிட் எண்ணிகள் வந்த பிறகுதான் நிம்மதி.

படிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எழுதுவதும் உண்டு. மேனேஜர் ஒரு புதிய வரியை உருவாக்கலாம். அதற்கென்று 'ரோ-ஸ்டேட்டஸ்' என்று ஒரு பத்தி, ஆறு மதிப்புகள். ஒரே மூச்சில் உருவாக்கி இயக்கு என்று சொல்லலாம். இல்லையென்றால் உருவாக்கிவிட்டுக் காத்திரு என்று சொல்லலாம். கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பும்வரை அந்த வரி 'நாட்-ரெடி' என்ற நிலையில் நிற்கும். பாதியில் விட்டுப் போனவர்களின் வரிகள் சேர்ந்து குப்பையாகிவிடுமே? ஏஜென்ட்தான் பார்த்துப் பெருக்கித் தள்ள வேண்டும். எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்பதை ஆர்.எஃப்.சி. 2579 சொல்கிறது: வரியை உருவாக்கியதற்கும் இயக்கியதற்கும் நடுவில் ஒரு மனிதர் யோசிக்கும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொள், வேறெதுவும் சொல்லப்படாவிட்டால் ஏறக்குறைய ஐந்து நிமிடம். விதிகளால் மட்டுமே ஆன அந்த ஆவணத்தில் யாரோ ஒருவர் நாற்காலியில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்து யோசிக்கிறார். அவருக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நான் எழுதிய டேபிளில் அந்த நேரத்தை மாற்றச் சொன்னபோது நான் மறுத்திருக்கிறேன்.

எழுதுவதற்கு எஸ்.என்.எம்.பி.யைப் பெரும்பாலோர் பயன்படுத்தவில்லை என்பது வேறு கதை. 2002இல் இணையக் கட்டமைப்புக் குழுமம் கூட்டிய பட்டறையில் நெட்வொர்க் நடத்துபவர்கள் அதை வெளிப்படையாகவே சொன்னார்கள். அதிலிருந்து நெட்கான்ஃப் என்ற நெறிமுறை பிறந்தது. இன்று பெட்டிகள் கேட்காமலே தங்கள் நிலவரத்தைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கள் சாதனத்தில் பழைய ஏஜென்ட்டும் இருக்கிறது. எடுத்துவிடலாமா என்று வருடத்துக்கு ஒரு தரம் பேச்சு வரும். எங்கோ ஒரு வாடிக்கையாளர் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பார்.

போன மாதம் அந்தக் குழு டேபிளை மறுபடி திறக்க வேண்டி வந்தது. பெயர்களில் யு.டி.எஃப்.-8 ஏற்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். தமிழ் தட்டச்சு வேலை செய்கிறதா என்று பார்க்க எல்லோரும் முதலில் அடிக்கும் சொல்லைத்தான் நானும் அடித்தேன்: அம்மா. நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறி, குறிக்கு மூன்று பைட், ஆகப் பதினைந்து. நடையை ஓடவிட்டேன். லேப் வந்தது, அட்மின், பேக்கப், பதின்மூன்று எழுத்து அட்மினிஸ்ட்ரேட்டர், அதற்கும் பின்னால் 15.224.174.133 என்று தொடங்கி ஒரு நீண்ட எண்சரம். அகரத்தில் தொடங்கும் சொல், உயர வரிசையில் கடைசி ஆளாக நிற்கிறது.

சோதனை முடிந்ததும் அந்த வரியை அழித்தேன். பிறகு கட்டளை வரலாற்றில் மேலம்புக்குறியை நாலு தரம் அழுத்தினேன். அதே எண்சரத்தைச் சொல்லி, இதற்கு அடுத்தது எது என்று கேட்டேன். ஏஜென்ட் தயங்கவில்லை. அடுத்த பத்தியின் தலையிலிருந்து, 3இல் தொடங்கும் லேப்பைக் கொடுத்தது.